பெற்றோல் நிரப்பினால் நிற்கும் ஜீப்

கராஜில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் வேலை அனுபவத்தில் இருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுதுவது எனக்குப் பிடித்த வேலையல்ல. எழுதியதைத் திரும்ப வாசித்தால் எல்லாம் பிழையாகத்தான் தெரியும். ஆனாலும் ஒரு ஜீப்பின் கதையை எழுதித்தான் ஆகவேண்டும். அதை வாயால் சொல்லத் தொடங்கினால், எனக்குச் சாதகமான இடங்களைச் சத்தமாகவும் பாதகமான இடங்களை மெல்லவும் சொல்லிவிடுவேன். கடதாசியில் அப்படிச் செய்ய முடியாது.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். ஒரு சில்லைப் பூட்டினால் நட்டுகளை மூன்றுதரம் இறுக்கிப் பார்ப்பேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்ததும் நாலாவது நட்டு நினைவுக்கு வரும். "அந்த நட்டையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே, அதுக்கும் ஒரு கோப்பை சோறு வச்சிருப்பன்" என்று மனைவி சொல்வாள். பயந்தவன் கவனமாக இருப்பான், கவனமாக இருப்பவன் பெரிய பிழை விடமாட்டான் என்று நான் நம்பியிருந்தேன். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு மாரி வரைக்கும் நம்பினேன்.

அப்போது கியூபெக்கில், லாசால் என்ற இடத்தில், மார்செல் என்பவரின் கராஜில் வேலை செய்தேன். மார்செல் கியூபெக்காரர். அதிகம் பேசாதவர். அவர் பிரெஞ்சில் சொன்னதை இங்கே என் தமிழில் தருகிறேன். எனக்கு விளங்கிய அளவில்தான்.

ஜீப்பின் சொந்தக்காரர் அருளப்பு அண்ணை. மட்டக்களப்பு. அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். கோடையில் கிடைத்த வேலை செய்வார், மாரியில் பனி தள்ளுவார். அவருடைய வண்டி காட்டுப் பாதைக்கென்று செய்யப்பட்ட பழைய நாலு சில்லு இழுவை வண்டி. கொம்பனி வைத்த பெயர் வேறு. உயரமாகவும் சதுரமாகவும் நின்றால் எங்கள் ஆட்களுக்கு எல்லாமே ஜீப்தான். காபரேற்றர் வைத்த எஞ்சின். முன்பக்கத்தில் பனி தள்ளும் பெரிய இரும்புத் தகடு. வேட்டைக்காரர்கள் ஓடி முடித்துவிட்டுத் தள்ளிவிட்ட அந்த வண்டியை அவர் வாங்கி, 'அவன்' என்று பெயர் வைத்திருந்தார்.

அவர் பனி தள்ளிய இடங்களில் முக்கியமானது ஒரு முதியோர் இல்லம். கராஜில் இருந்து ஐந்து நிமிடத் தூரம். தெருவில் இருந்து வாசல் வரைக்கும் ஒடுக்கமான ஒரே ஏற்றப் பாதை. இரண்டு பக்கமும் சுவர். சாப்பாட்டு வண்டியும் அதால்தான் வரவேண்டும், அம்புலன்ஸும் அதால்தான் வரவேண்டும். காலை ஏழு மணிக்கு முன் பாதை கறுப்பாகத் தெரியவேண்டும் என்பது ஒப்பந்தம். யன்னலில் நின்று கையசைக்கும் கிழவர்களை அருளப்பு அண்ணை "என்ர ஆக்கள்" என்பார்.

மார்கழியில் முதல் தடவையாக வந்தார்.

"நல்லாத்தான் தள்ளிக்கொண்டு வந்தான் தம்பி. அரை மணித்தியாலம் போயிருக்கும். ரெண்டு தரம் இருமினான். பிறகு படுத்திட்டான்."

"திரும்பி ஸ்ராட் வந்ததோ அண்ணை?"

"பக்கத்துக் கடையில ஒரு கோப்பி குடிச்சிட்டு வந்தன். ஒண்டும் நடக்காதவன் மாதிரி எழும்பிட்டான்." பிறகு சொன்னார்: "ஒரு சங்கதி. பெற்றோல் நிரப்பின நாள்தான் இப்பிடிச் செய்யிறான். வயிறு காய்ஞ்சு கிடந்தா ஒழுங்கா வேலை செய்யிறான். சரியா என்ர மருமகன் மாதிரி. சோறு போட்டா படுத்திருவான்."

நான் சிரித்தேன். சிரிப்போடு அந்தத் தகவலையும் விட்டுவிட்டேன். வண்டிக்காரர் நோய்க்குக் காரணம் சொன்னால் அதை நீங்கள் நம்பவேண்டியதில்லை. ஆனால் எப்போது, எந்த நிலைமையில் வண்டி நின்றது என்று அவர் சொல்வதை ஒரு சொல் விடாமல் கேளுங்கள். அந்த வண்டியோடு தினமும் இருப்பவர் அவர். பகிடியாகச் சொன்னார் என்பதற்காக அது பகிடியாகிவிடாது.

ஓடிச் சூடான பிறகு நின்று, கொஞ்சம் ஆறியதும் எழும்புகிற எஞ்சின் என்றால் பெரும்பாலும் பெற்றோல் போய்ச் சேராத வருத்தம். பெற்றோல் தாங்கியில் இருந்து குழாய், குழாயில் இருந்து பம்ப், பம்பில் இருந்து வடிகட்டி, அங்கிருந்து காபரேற்றர். காபரேற்றருக்குள் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். அதில் பெற்றோல் உள்ளவரைக்கும் எஞ்சின் ஓடும், வற்றினால் நிற்கும். இந்த வழியில் எங்கே அடைப்பு என்பதுதான் கேள்வி. தாங்கியின் அடியில் துருவும் மண்ணும் இருக்கும், பெற்றோல் அடிக்கும்போது கலங்கி வடிகட்டியை அடைக்கும், அதுதான் நிரப்பினால் நிற்கிறது என்று நானே ஒரு விளக்கம் செய்துகொண்டேன். வடிகட்டியை மாற்றினேன். பழையதை வெட்டிப் பார்த்தேன். கொஞ்சம் துரு இருந்தது. தேடினதைக் கண்டுவிட்டால் மனிசன் தேடுவதை நிறுத்திவிடுவான்.

ஓட்டிப் பார்க்க வெளிக்கிட முன், எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. தாங்கியின் மூடியைத் திறந்து, ஒரு மெல்லிய தடியை விட்டு, எவ்வளவு பெற்றோல் இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பேன். அளவு காட்டும் முள்ளை நம்பமாட்டேன். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் வராத காலத்தில் வேலை பழகியவன் நான். மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். எஞ்சினைத் தொடக்குவதற்கு மட்டும் சேலைன் போத்தலில் ஒரு சொட்டுப் பெற்றோல் விடுவோம். அப்படிப் பழகியவனுக்குத் தாங்கியைத் திறந்து பார்க்காமல் தெருவில் இறங்க மனம் வராது. அன்றைக்கும் திறந்து, தடி விட்டுப் பார்த்து, போதாதென்று பெற்றோல் கானில் இருந்து ஐந்து லீற்றரும் ஊற்றினேன். லாசாலுக்குள் ஒரு மணித்தியாலம் ஓடினேன். ஜீப் ஒருதரம்கூட முனகவில்லை.

தை மாதம், கடும் குளிரில், திரும்பவும் அதே இடத்தில் நின்றது. இந்த முறை சாப்பாட்டு வண்டி இருபது நிமிடம் தெருவில் காத்து நின்றதாம். இல்லத்தின் பொறுப்பாளர் அம்மா அருளப்பு அண்ணையைக் கூப்பிட்டு, இன்னொருமுறை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்.

"அவ கோபமாச் சொல்லல்ல தம்பி. கோபமாச் சொல்லியிருந்தா நானும் ரெண்டு கதை கதைச்சிருப்பன். மெல்லமாத்தான் சொன்னா. அதுதான் பயமாக் கிடக்கு."

எனக்கும் பயம் வந்தது. பயம் வந்தால் என் கை சும்மா இருக்காது. ஒரு வெறும் போத்தலைக் கழுவி, பெற்றோல் நிரப்பி, எஞ்சினுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டேன். அதில் இருந்து நேரே காபரேற்றருக்கு ஒரு குழாய். தாங்கியும் பம்பும் இல்லாமல் எஞ்சின் ஓடுகிறதா என்று பார்க்கும் வழி அது. அருமையாக ஓடியது. ஆகவே காபரேற்றரில் பிழை இல்லை, அதற்குப் பின்னால் எங்கோதான் பிழை. இதுவரைக்கும் நான் செய்தது சரி. இன்றைக்கும் அப்படித்தான் செய்யச் சொல்வேன். வழியை நடுவில் வெட்டு, நல்ல பாதியை விடு, கெட்ட பாதிக்குள் போ.

கெட்ட பாதிக்குள் போய் என்ன செய்தேன்? ஒவ்வொன்றாகச் சோதிக்காமல் பம்பை மாற்றினேன். மார்செல் பக்கத்தில் வந்து நின்றார்.

"தெரிந்து மாற்றுகிறாயா, பயந்து மாற்றுகிறாயா?" என்று கேட்டார்.

"இரண்டும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "முதலாவது என்றால் பழைய பம்பில் என்ன பிழை என்று காட்டு."

பழைய பம்பைக் கையால் அமத்திப் பார்த்தேன். விறுவிறென்று உறிஞ்சியது. அதில் பிழை இல்லை. "பழசுதானே" என்றேன். மார்செல் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். அவர் கேட்ட கேள்வியை அந்த இடத்தில் பிடித்திருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும். நல்ல பாகத்தைக் கழற்றிப் புதுப் பாகம் போடுவது வைத்தியம் அல்ல. அது எங்களுடைய நடுக்கத்துக்கு நாங்களே போடும் மருந்து.

மருந்து என்றதும் இதையும் சொல்லவேண்டும். குளிரில் பெற்றோலுக்குள் கலந்திருக்கும் தண்ணீர் குழாயில் உறையும். அதைத் தடுக்கச் சின்னப் போத்தலில் ஒரு திரவம் விற்பார்கள். அதையும் வாங்கிக் கொடுத்து, "பெற்றோல் அடிக்கிற ஒவ்வொரு முறையும் இதில ஒண்டு ஊத்துங்கோ அண்ணை" என்றேன். பிறகு மூடியைத் திறந்து தடி விட்டுப் பார்த்தேன். ஓடினேன். நன்றாகத்தான் ஓடியது.

மாசியில் ஒருநாள் விடியப் பெரும் பனி. பனி கொட்டும் நாட்களில் எனக்கு நித்திரை வராது. நேரத்தோடு கராஜைத் திறந்துகொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது.

"தம்பி, நிண்டிட்டான். ஏத்தத்தில, குறுக்கால. அம்புலன்ஸ் வந்து நிக்கிது. ஓடி வா."

நான் போய்ச் சேர்ந்தபோது ஜீப் பாதையின் நடுவில், தகடு ஒரு சுவரைத் தொட, பின்பக்கம் மற்றச் சுவரைத் தொட, சரிந்து நின்றது. அருளப்பு அண்ணை கையுறை இல்லாமல் அதன் கதவைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். அம்புலன்ஸ்காரர் இருவரும் கட்டிலை இறக்கி, சுவருக்கும் ஜீப்புக்கும் இடையில் கொண்டுபோக முடியாமல், வாசலில் இருந்து ஆளைத் துணியோடு தூக்கி, முழங்காலளவு பனிக்குள் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு வயோதிபப் பெண். முகத்தில் காற்றுக் குழாய். ஒருவர் வழுக்கி ஒற்றை முழங்காலில் விழுந்தார். துணியை விடவில்லை. திரும்ப எழும்பினார். நானும் ஒரு மூலையைப் பிடித்தேன். அந்தப் பெண்ணின் கண் திறந்திருந்தது. பனி நேரே அவர் முகத்தில் கொட்டியது.

அம்புலன்ஸ் போனது. பொறுப்பாளர் அம்மா வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

ஜீப்பை எடுக்கவேண்டும். அடுத்த வண்டி வந்தால்? என் கை பழக்கத்தில் நேரே தாங்கியின் மூடிக்குப் போனது. கராஜில் எப்போதும் காற்று இயந்திரமும் வானொலியும் சத்தம் போடும். அதோடு அங்கே வந்துசேரும்போது ஜீப் நின்று பல மணித்தியாலம் ஆகியிருக்கும். இங்கே பனி கொட்டும் நேரத்து அமைதி. நின்று பத்துப் பதினைந்து நிமிடம்தான். மூடியைத் திருகினேன். உஸ் என்று நீளமாகக் காற்று உள்ளே போனது. மூச்சுத் திணறினவன் இழுக்கிற மூச்சைப் போல.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உட்பக்கத்தில் வட்டமாக வெட்டிய கறுத்த ரப்பர் துண்டு ஒன்று, குழிந்து, மூடியோடு ஒட்டிப்போய் இருந்தது. விளிம்பில் கத்தரிக்கோல் கோணலாகப் போன அடையாளம். அது என் கத்தரிக்கோல்.

அப்போதுதான் நினைவு வந்தது. பனி தொடங்குவதற்கு முதல், புரட்டாதி மாதம், வண்டிக்குள் பெற்றோல் மணக்கிறது என்று அருளப்பு அண்ணை ஒருநாள் வந்தார். மூடியின் உள்வளையம் காய்ந்து வெடித்திருந்தது. பெற்றோல் மணம் என்றால் எனக்குப் பொறுக்காது. எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் மணம் என்றால் நட்டம். ஒரு சொட்டும் ஆவியாகப் போகக்கூடாதென்று பழைய ரியூப் ரப்பரை வட்டமாக வெட்டி மூடிக்குள் போட்டு இறுக்குவோம். அதைத்தான் செய்தேன். ஐந்து நிமிட வேலை. மூடியின் நடுவில் தாங்கி மூச்சு விடுவதற்கென்று ஒரு சின்னத் துவாரம் இருக்கும். அதையும் சேர்த்து அடைத்துவிட்டேன்.

ஊரில் அது பிழையாகாது. ஏனென்றால் வண்டியை எடுக்கும்போது எல்லோரும் மூடியை அரைச்சுற்றுத் தளர்த்திவிடுவார்கள், நிறுத்தியதும் இறுக்குவார்கள். அது அங்கே கைப்பழக்கம். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அருளப்பு அண்ணைக்கு அது எப்படித் தெரியும்? நாங்கள் மண்ணெண்ணெயில் ஓடிய நாட்களில் அவர் மட்டக்களப்பில் பெற்றோலில் ஓடினார். எனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தேன். இல்லை, நினைக்கக்கூட இல்லை. வேலைத்தாளில் எழுதவும் இல்லை. பிரெஞ்சில் எழுத வெட்கத்தில், சின்ன வேலைகளை நான் எழுதுவதே இல்லை.

எல்லாம் அந்த ஏற்றத்திலேயே விளங்கியது. பம்ப் உறிஞ்ச உறிஞ்ச, குறைகிற பெற்றோலுக்குப் பதிலாகக் காற்று உள்ளே வர வழியில்லை. தாங்கி நிறைந்திருந்தால் மேலே காற்று கொஞ்சம்தான், வெற்றிடம் கெதியாக உண்டாகிப் பெற்றோலை வரவிடாமல் பிடித்துக்கொள்ளும். வயிறு காய்ந்திருந்தால் உள்ளே காற்று நிறைய, வண்டி தாக்குப்பிடிக்கும். நின்ற பிறகு ரப்பரின் விளிம்பால் காற்று மெல்ல மெல்லக் கசிந்து உள்ளே போகும், அதனால்தான் ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்தால் எழும்பியது. அவர் சொன்ன மருமகன் கதை அப்படியே சரி. நான் ஒவ்வொரு முறையும் நிறையாத தாங்கியின் மூடியைத் திறந்து தடி விட்டுப் பார்த்தேனே, அந்தக் கவனம்தான் தாங்கிக்கு மூச்சைக் கொடுத்து, பிழையை என் கண்ணில் இருந்து மறைத்தது.

ரப்பரைப் பிய்த்துச் சட்டைப்பையில் வைத்தேன். மூடியைப் போட்டேன். திறப்பைத் திருகினேன். கொஞ்சம் இழுத்துவிட்டு எஞ்சின் பிடித்தது.

அருளப்பு அண்ணை ஓடிவந்தார். "என்ன தம்பி? என்ன செய்தாய்?"

"ஒண்டுமில்லை அண்ணை" என்றேன். "குழாயில ஐஸ் பிடிச்சிருக்கும்."

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. ஆனால் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"அந்தப் போத்தல்" என்றார். "நீ ஊத்தச் சொன்னது. நேத்து பெற்றோல் அடிச்சிட்டு ஊத்தல்ல மகனே. மறந்திட்டன்."

அந்த இடத்தில் ஒரு வசனம் போதும். நான் சொல்லவில்லை. "சரி, முதல்ல வண்டியை எடுங்கோ" என்றேன். அவர் எடுத்தார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வேலை போய்விடும், வழக்கு வரும், கராஜ் மூடப்படும், யாழ்ப்பாணத்தான் கெடுத்துவிட்டான் என்று ஊர் பேசும். இப்படி ஐம்பது பயங்கள் வரிசையாக நின்றன. அன்றைக்குச் சாயந்தரம் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். பயந்தவன் கவனமாக இருப்பான் என்பது உண்மைதான். ஆனால் தன்னைப் பற்றித்தான் முதலில் கவனமாக இருப்பான்.

அந்த வயோதிபப் பெண் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் காலமானார். இல்லத்துச் சமையலறையில் வேலை செய்யும் எங்கள் ஆட்களில் ஒருத்தி அருளப்பு அண்ணைக்குச் சொல்லியிருக்கிறாள். அவர் அன்று மத்தியானம் கராஜுக்கு வந்தார். ஜீப்பில் வரவில்லை, பஸ்ஸில் வந்தார். சவரம் செய்யாத முகம். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"வண்டியைப் பழைய இரும்புக்குக் குடுக்கப்போறன். ஆரும் எடுப்பாங்களா எண்டு கேட்டுச் சொல்லு."

"ஏன் அண்ணை?"

"இனி அதில ஏற ஏலாது." கொஞ்சம் நின்று கேட்டார்: "கோயிலுக்குப் போய்ப் பாதரிட்டையும் சொன்னன். வேணுமெண்டு செய்யல்லத்தானே எண்டார். அது எனக்கும் தெரியும். எனக்குத் தெரியவேண்டியது வேற. நீ தொழில் தெரிஞ்சவன், சொல்லு. அந்தப் போத்தலை ஊத்தியிருந்தா அவன் நிண்டிருக்கமாட்டான்தானே?"

மார்செல் ஒரு காருக்குக் கீழே படுத்திருந்தார். காற்று இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் அதை நிறுத்தினேன். அதன் சத்தத்துக்குள் சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம் என்று எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது, அதனால் நிறுத்தினேன்.

"ஊத்தியிருந்தாலும் நிண்டிருக்கும் அண்ணை. உங்களில பிழை இல்லை. பிழை நான் விட்டது."

சட்டைப்பையில் இருந்து என் சாமான் பெட்டிக்குள் மாற்றி ஒளித்திருந்த ரப்பர் துண்டை எடுத்துக் காட்டினேன். புரட்டாதியில் செய்ததைச் சொன்னேன். ஏற்றத்தில் கேட்ட சத்தத்தைச் சொன்னேன். அவர் அந்தத் துண்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அப்ப, பழைய பம்பு நல்ல பம்பு" என்றார்.

"ஓம்."

"ஐஸ் பிடிக்கல்ல."

"இல்லை."

மார்செல் காருக்குக் கீழே இருந்து வெளியே வந்திருந்தார். எங்கள் தமிழ் அவருக்கு விளங்காது. ஆனால் ரப்பரையும் என் முகத்தையும் பார்த்ததும் விளங்கிவிட்டது. என்ன நடந்தது என்று கேட்டார், சொன்னேன். கையைத் துடைத்தார். "மேலங்கியைப் போடு. அந்த இல்லத்துக்குப் போகவேண்டும்" என்றார். "காப்புறுதிக்காரருக்கு நான் அறிவிப்பேன். அது என் வேலை. அந்த அம்மாவிடம் சொல்வது உன் வேலை."

மூவரும் போனோம். பொறுப்பாளர் அம்மாவின் அறையில் நான் நின்றபடியே, எனக்குத் தெரிந்த உடைந்த பிரெஞ்சில் சொன்னேன். ஒரு சொல் வராமல் மார்செலைப் பார்த்தேன். அவர் உதவவில்லை. கையால் வட்டம் போட்டுக் காட்டினேன். அந்த அம்மா இடையில் மறிக்காமல் கேட்டார். கடைசியில் ஒன்றை மட்டும் கேட்டார்: "இது உனக்கு எப்போது தெரியும்?"

"அன்றைக்கே" என்றேன்.

அவர் தலை குனிந்துகொண்டார். அந்தத் தாமதத்தால்தான் அந்தப் பெண் இறந்தார் என்று வைத்தியர்கள் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை என்றார். இறந்தவரின் மகளுக்கு நடந்ததை நடந்தபடி தெரிவிப்பேன் என்றார். பனி தள்ளும் வேலையை ஏற்கெனவே வேறொரு கொம்பனிக்குக் கொடுத்தாயிற்று, அதை மாற்ற முடியாது என்றார். பிறகு எழும்பி வந்து அருளப்பு அண்ணையின் கையைப் பிடித்து, "ஐயா, அது நீங்கள் அல்ல" என்றார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அருளப்பு அண்ணை அழுதார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மகளிடம் இருந்து எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. வழக்கும் வரவில்லை. மார்செல் என்னை வேலையால் நிறுத்தவில்லை. அன்றில் இருந்து ஒரு திருகாணியைத் தொட்டாலும் வேலைத்தாளில் எழுதினேன். பிழை பிழையாக எழுதினேன், மார்செல் சிவப்புப் பேனாவால் திருத்தினார். நீங்களும் எழுதுங்கள். ஒரு வண்டி புது வருத்தத்தோடு வந்தால், அதில் கடைசியாகக் கை வைத்தவர் யார் என்று முதலில் பாருங்கள். நீங்களாக இருந்தால் உங்களிடம் இருந்தே தொடங்குங்கள். ஆனால் இந்தக் கதையை அதற்காக மட்டும் எழுதவில்லை.

அவர் வீட்டில் நின்ற ஜீப்பை மார்செல் கராஜுக்குக் கொண்டுவந்திருந்தார். இரண்டு கிழமை கழித்து அருளப்பு அண்ணை அதை எடுக்க வந்தார். இரும்புக்குக் கொடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டார். மார்செல் வாங்கிவந்த புது மூடியை நான் போட்டிருந்தேன். அதைக் கழற்றி, துவாரத்தில் வாய் வைத்து ஊதிக் காட்டினேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெட்டினது பிழைதான்" என்றார். "அது கைப்பிழை. நானும் எத்தினையோ விட்டிருக்கன். அதை நான் மனசில வைக்கல்ல தம்பி."

"அண்ணை..."

"இரு, சொல்லி முடிக்கிறன். அண்டைக்கு ஏத்தத்தில உனக்குத் தெரியும். நான் போத்தல் ஊத்த மறந்தனெண்டு சொன்னதும் உனக்குக் கேட்டது. பிறகு மூண்டு நாள். ஒரு மனிசியைக் கொண்டுட்டன் எண்டு நான் சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தன். நீ இஞ்ச ஒயில் மாத்திக்கொண்டு நிண்டிருக்காய்."

பயந்துவிட்டேன் என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் கேட்காத கேள்விக்கு அது பதில். மூடிக்கொண்டேன்.

அவர் கையை நீட்டினார். திறப்பைக் கொடுத்தேன். ஏறி எஞ்சினை எழுப்பி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதன் சத்தத்தைத் தானே கேட்டார். தாங்கி நிறையப் பெற்றோல் இருந்தது, நான்தான் நிரப்பியிருந்தேன். கண்ணாடியை இறக்காமல், தலையை மட்டும் ஒருதரம் அசைத்துவிட்டுப் போனார். நான் தெருவுக்கு வந்து நின்று பார்த்தேன். ஜீப் எங்கேயும் இருமவில்லை. சந்தியில் விளக்குக்கு நின்று, பச்சை விழுந்ததும் திரும்பிப் போனது. அந்த மாரியும் அடுத்த மாரியும் அதை லாசால் தெருக்களில் பனி தள்ளக் கண்டிருக்கிறேன். எங்கள் கராஜுக்கு அவர் பிறகு வரவில்லை.